கூலி கப்பலேறிய கதை

நாகைத் துறையிலே நெல் கப்பலேறியது. நெய்த துணி கப்பலேறியது. நெல்லை விளைவித்தவனும் ஒருநாள் கப்பலேறினான். நெல்லுக்கு மூட்டைக் கணக்கு உண்டு, துணிக்குப் பொதிக் கணக்கு உண்டு, ஆளுக்குத் தலைக் கணக்கு உண்டு. எந்தக் கணக்கிலும் சேராமல், எந்தச் சுங்கமும் செலுத்தாமல், அவனோடு கூடவே ஒரு சொல்லும் கப்பலேறிற்று. அந்தச் சொல் 'கூலி'.

ஆங்கில அகராதி எதனைப் புரட்டினாலும் 'சி' எழுத்தின் வரிசையிலே அச்சொல் அமர்ந்திருக்கக் காண்கிறோம். தமிழிலிருந்து ஆங்கிலம் பெற்ற சொற்கள் பலவுண்டு. கட்டுமரம் சென்றது, மிளகுத்தண்ணீர் சென்றது. கட்டுமரம் அங்கே இரட்டை உடல் கொண்ட உல்லாசப் படகாகிவிட்டது; மிளகுத்தண்ணீரிலே இறைச்சி மிதக்கிறது! போகட்டும், அதனால் எவருக்கும் இழிவில்லை. கூலியின் கதை அப்படிப்பட்டதன்று. நம்மிடம் அது உழைப்புக்குத் தரப்படும் விலை. அவர்களிடமோ உழைத்தவனுக்கே பெயர்! கொடுக்கவேண்டிய பொருளைக் குறித்த சொல், பெறவேண்டிய மனிதனைக் குறிக்கும் சொல்லாக மாறிற்று.

இந்த மாற்றம் சிறிதோ? தஞ்சைத் தரணியின் நூறாண்டு வரலாறு இந்த ஒரு சொல்லுக்குள்ளே சுருண்டு கிடக்கிறது என்பது நம் கருத்து.

முதலில், நம் வீட்டிலே அது எப்படி வாழ்ந்தது என்று காண்போம். நெல்லை ஆலைக்குக் கொண்டுசென்றால் அரவைக்கூலி, துணியைத் தைக்கக் கொடுத்தால் தையற்கூலி, மூட்டையை வண்டியிலே ஏற்றினால் ஏற்றுகூலி, இறக்கினால் இறக்குகூலி, வண்டிக்கு வண்டிக்கூலி. நகைக்கடைக்காரர் பொன்னின் விலையோடு செய்கூலியும் சேதாரமும் சேர்த்துச் சொல்லும்போது நம் வீட்டுப் பெண்டிர் முகம் சுளிப்பதை அறியாதார் யார்? இழவு வீட்டிலே உள்ளத்தில் துயரமின்றி மார்பில் அடித்துக்கொள்வோரைக் கண்டுதான், கடனுக்கு வேலை செய்பவனைக் 'கூலிக்கு மாரடிக்கிறான்' என்று பேச்சு வழக்கிலே கேலி செய்தனர். இத்தனை இடங்களிலும் கூலி என்பது பணம், அல்லது நெல். ஆள் அன்று. ஆளைச் சொல்லவேண்டுமானால் கூலியாள் என்போம், கூலிக்காரர் என்போம். சொல்லின் பின்னே 'ஆள்' என்று ஒரு மனிதனை நிறுத்துவோம்.

நெல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தானியத்துக்குக் 'கூலம்' என்பது பழந்தமிழ்ப் பெயர். மணிமேகலை தந்த சாத்தனார், கூலவாணிகன் சாத்தனார் என்றே அழைக்கப்பட்டார். கூலமாகக் கொடுத்ததனால் கூலி என்றாயிற்று என்று சொல்லாராய்ச்சியாளர் சிலர் கூறுவர். அனைவரும் ஒப்பிய முடிபென்று அதனைச் சொல்வதற்கில்லை. எனினும், களத்து மேட்டிலே மரக்காலால் அளந்து வாங்கிய நெல்லையே கூலியென்று கொண்ட தஞ்சை உழவனுக்கு இதை விளக்க அகராதி தேவைப்படாது.

வள்ளுவர் இச்சொல்லை எங்கே வைத்தார் என்பதையும் பார்க்கவேண்டும். ஆள்வினையுடைமை அதிகாரத்திலே, 619-ஆம் குறளிலே வைத்தார். தெய்வம் கைவிட்டாலும், மெய் வருந்தி உழைத்த உழைப்பு தனக்குரியதைத் தந்தே தீரும் என்பது அதன் கருத்து. தெய்வத்தை ஒருபுறமும் கூலியை மறுபுறமும் நிறுத்தி, கூலியின் பக்கம் நின்றார் அப்பெரியார்! அத்தகைய மேடையிலே வீற்றிருந்த சொல் அது. அதற்குப் பின்னாளிலே நேர்ந்த கதியைக் கேளுங்கள்.

பதினேழாம் நூற்றாண்டு. சென்னைக் கடற்கரையிலே செயின்ட் ஜார்ஜ் கோட்டை எழுந்துவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியார் சரக்கை ஏற்றவும் இறக்கவும் ஆட்கள் வேண்டும். அந்தக் காலக் கோட்டைப் பதிவுகளிலேயே, சுமை தூக்குவோரும் எடுபிடி வேலை செய்வோரும் 'கூலிகள்' என்று குறிக்கப்பட்டுவிட்டனர். நாள் முடிவிலே "கூலி! கூலி!" என்று அவர்கள் கேட்டதைக் கேட்பவர்களின் பெயரென்று துரைமார் எடுத்துக்கொண்டனரோ என்று எண்ணத் தோன்றுகிறது. இது நம் கற்பனைதான். ஆனால், கம்பெனிக் கணக்குகளிலே அந்த ஆட்களுக்குக் கொடுத்த பணத்தைக் குறிக்க, 'கூலி' என்பதோடு சம்பளத்தைச் சுட்டும் ஆங்கிலச் சொல்லையும் சேர்த்து எழுதினார்களே, அது கற்பனையன்று. அதைத் தமிழிலே பெயர்த்தால் 'கூலிக் கூலி' என்றாகும்! ஆளைக் குறிக்க நம் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். பணத்தைக் குறிக்கத் தங்கள் சொல்லைத் தேடவேண்டியதாயிற்று.

இச்சொல் தமிழிலிருந்துதான் சென்றதா என்று ஐயுறுவோரும் உளர். மேற்கு இந்தியாவிலே, குசராத்துப் பகுதியிலே, 'கோலி' என்னும் பெயருடைய மக்கள் உள்ளனர். போர்த்துக்கீசியர் அவர்களை அறிந்து, சுமை தூக்குவோர்க்கெல்லாம் அப்பெயரை வழங்கினர் என்பது ஒரு சாரார் கொள்கை. 1886-ஆம் ஆண்டு வெளிவந்த 'ஆப்சன் ஜாப்சன்' என்னும் புகழ்பெற்ற ஆங்கில-இந்தியச் சொற்களஞ்சியம் அந்தக் கொள்கையின் பக்கமே சாய்கிறது. ஆயினும், தென்னாட்டிலே கூலி என்றால் ஊதியம் என்று பொருளுண்டு என்பதையும், 1855-இல் சொற்றொகுதி வெளியிட்ட வில்சன் அதனையே உண்மையான மூலமென்று கொண்டார் என்பதையும் அது மறைக்கவில்லை. அக்களஞ்சியத்தை யூலுடன் சேர்ந்து தொகுத்த பர்னெல் யார்? தஞ்சையிலே நீதிபதியாக அமர்ந்திருந்தவர். அரண்மனை நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்கெல்லாம் அட்டவணை எழுதி 1880-இல் வெளியிட்டவர். நூலகத்துக்கு வெளியே, வயல் வரப்பிலே, அந்தச் சொல் நாள்தோறும் அதன் சொந்தப் பொருளிலே ஒலித்துக்கொண்டிருந்தது. அவருடைய காதிலும் அது விழுந்திருக்கும் என்றே நினைக்கிறோம். நூல் அச்சேறி வருமுன், 1882-இலேயே அவர் மறைந்தார்.

வேர் எதுவாயினும் ஆகுக. இரண்டு ஓடைகள் கலந்து ஓர் ஆறானதென்றே வைத்துக்கொள்வோம். ஆங்கிலேயர் அந்த ஆற்றை எங்கெங்கு பாய்ச்சினார்கள் என்பதன்றோ கேள்வி!

அடிமை வாணிபத்தைச் சட்டத்தால் ஒழித்தது ஆங்கில அரசு. 1834-இலிருந்து மொரீசுத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு அடிமைகளுக்கு மாற்றாக ஆட்கள் தேவைப்பட்டனர். கங்கைக் கரையிலும் காவிரிக் கரையிலும் பசித்த வயிறுகளுக்கா பஞ்சம்? ஒப்பந்தத் தாளிலே கைநாட்டு வாங்கினர், கப்பலேற்றினர். மொரீசின் லூயி துறைமுகத்திலே அவர்கள் இறங்கிய படித்துறைக்கே 'கூலித்துறை' என்று பெயர். அந்த இடம் பின்னர் 'ஆப்ரவாசி காட்' எனப் பெயர் மாற்றப்பட்டு, 2006-ஆம் ஆண்டு உலக மரபுச் சின்னமாயிற்று.

காவிரியின் கடைமடையிலே இரண்டு வாயில்கள் திறந்திருந்தன. ஒன்று பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த காரைக்கால். அங்கிருந்து ரீயூனியன் தீவுக்கும், 1850-களிலிருந்து கடலுக்கு அப்பாலும் கடல் தாண்டி மார்த்தினிக்கு, குவாதலூப்பு ஆகிய தீவுகளுக்கும் தஞ்சைப் பகுதி மக்கள் சென்றனர். மற்றொன்று நாகப்பட்டினம். பினாங்குக்குப் போகும் பாதை அது. மலேயாவின் கரும்புக்கும், காப்பிக்கும், பின்பு ரப்பருக்கும் ஆட்களை அள்ளிச்சென்ற பாதை. 1926-இல் ஓடத் தொடங்கிய 'ராஜுலா' என்ற கப்பலின் பெயரைச் சொன்னால் நாகூர், நாகைப் பகுதி முதியோர் முகத்திலே இன்றும் ஒரு சலனம் தோன்றும்.

மலேயாவிலே நம்மவர் தங்களுக்குத் தாங்களே ஒரு பெயர் செய்துகொண்டனர்: 'சஞ்சிக்கூலி'. மலாய் மொழியிலே 'சஞ்சி' என்றால் வாக்குறுதி, ஒப்பந்தம். ஒப்பந்தத்தால் கட்டுண்ட கூலி! பிஜித் தீவிலே ஆங்கில 'அக்ரிமென்ட்' சிதைந்து 'கிர்மிட்' ஆனதுபோல, மலேயாவிலே மலாய்ச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் கைகோத்துக்கொண்டன. மலேயாவில் ஒப்பந்த முறை 1910-இலே ஒழிந்தது; கங்காணி முறை தொடர்ந்தது. 1938-இல் இந்திய அரசு, உதவிப்பணம் கொடுத்து ஆட்களை மலேயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலோ, கூலிகளுக்கென்று வரிசையாகக் கட்டிய அறைகளை வெள்ளையர் 'லைன்' என்றனர். அது நம்மவர் நாவிலே 'லயம்' ஆயிற்று. இசையிலே லயம் என்றால் இன்பம். தோட்டத்திலே லயம் என்றால் பத்துக்குப் பன்னிரண்டடி இருட்டறை!

தென்னாப்பிரிக்காவுக்கு வருவோம். 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' என்னும் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. 342 பேர் இறங்கினர். நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த முதல் தொகுதி அது. பின்னர் வணிகர் வந்தனர், எழுத்தர் வந்தனர். வெள்ளையனின் கண்ணுக்கு இந்த வேறுபாடெல்லாம் தென்படவில்லை. வணிகன் 'கூலி வணிகன்'. 1893-இல் வந்திறங்கிய காந்தியார் 'கூலி பாரிஸ்டர்'! தம் வரலாற்று நூலிலே அவரே இதனைப் பதிந்துள்ளார். இன்னொன்றும் கூறுகிறார். தமிழர் பெயர்களின் இறுதியிலே 'சாமி' என்று வருவதைக் கண்ட வெள்ளையர், இந்தியர் அனைவரையும் 'சாமி' என்று இழித்துக் கூவினராம். சாமி என்றால் தலைவன் என்று பொருள் என்பதை அவர்கள் அறியார். ஊரிலே பண்ணையாரைப் பார்த்துச் 'சாமி' என்று கைகட்டி நின்றவன், கடல் கடந்த இடத்திலே 'சாமி' என்று ஏசப்பட்டான்! ஈரிடத்திலும் அவனுக்கே இழிவு.

அந்நாட்டிலே, விடுதலை பெற்ற ஒப்பந்தத் தொழிலாளர்மீது மூன்று பவுன் தலைவரி விதித்தனர். அதனை எதிர்த்தும், இந்தியத் திருமணங்களைச் செல்லாதனவாக்கிய தீர்ப்பை எதிர்த்தும் 1913-இல் நடந்த கிளர்ச்சியிலே சிறை சென்று, நோயோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22-இல் தம் பதினாறாம் அகவையிலே உயிர்நீத்தார் வள்ளியம்மை. சோகன்னசுபர்க்கிலே பிறந்தவர், ஆயினும் பெற்றோரின் ஊராகிய தில்லையாடியின் பெயரே அவர் பெயரோடு நிலைத்தது. அந்த ஆண்டிலேயே மூன்று பவுன் வரி ஒழிக்கப்பட்டது. 'கூலி' என்ற சொல் தென்னாப்பிரிக்காவிலே இன்றும் வாய்விட்டுச் சொல்லக் கூசும் வசைச் சொல். கயானாவிலும் திரினிதாடிலும் அதே நிலைதான்.

சீனத்துக்கும் சென்றது இச்சொல். சீனர் அதனை எழுத இரண்டு எழுத்துகளைத் தேர்ந்தனர். ஒன்றுக்குக் கசப்பு, துன்பம் என்று பொருள், மற்றொன்றுக்கு வலிமை. ஒலிக்கு ஒலியும் பொருந்தியது, வாழ்வுக்குப் பொருளும் பொருந்தியது! அமெரிக்கக் கப்பல்கள் சீனக் கூலிகளை ஏற்றிச்செல்வதைத் தடுத்து 1862-இல் லிங்கன் கையொப்பமிட்ட சட்டத்தின் தலைப்பிலேயே இச்சொல் உண்டு. செருமானியரோ, மை நிரப்பிய பேனா ஒன்றுக்கு 'மைக்கூலி' என்று பெயர் வைத்தனர். பந்துமுனைப் பேனாவையும் அவர்கள் 'கூலி' என்றே அழைக்கின்றனர். ஓய்வின்றி எழுதும், எதிர்த்துப் பேசாது. பொருத்தமான பெயரென்று எண்ணினர் போலும்.

உள்நாட்டிலே தொடர்வண்டி நிலையத்துச் சிவப்புச் சட்டைத் தோழர்க்கும் இதுவே பெயராயிற்று. 2016-ஆம் ஆண்டு ரயில்வே வரவு செலவுத் திட்டத்திலே, இனி அவர்களைக் 'கூலி' என்னாது 'சகாயக்' என்று அழைக்கவேண்டுமென அறிவித்தனர். இழிவு நீங்கவேண்டுமென்ற எண்ணம் நன்றே. புதுப்பெயர் வடமொழியிலிருந்து வந்தது என்பதைக்கூட விட்டுவிடுவோம். தலைச்சுமைக்கு இவ்வளவென்று பயணி கொடுப்பதுதான் அவர்கள் வருவாய், ரயில்வேயின் சம்பளப் பட்டியலிலே அவர்களுக்கு இடமில்லை என்ற நிலை அந்த அறிவிப்பினால் மாறவில்லை.

இனி, கப்பலேறாமல் ஊரிலேயே தங்கியவனைப் பார்ப்போம்.

1843-ஆம் ஆண்டுச் சட்டம், அடிமையின்மீது ஆண்டைக்குள்ள உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாதென்றது. 1862-இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம் அடிமைகளை வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கிற்று. காவிரி வயல்களிலே அடிமை என்ற சொல் மறைந்தது. 'பண்ணையாள்' என்ற சொல் நிலைத்தது. தந்தை பட்ட கடனுக்கு மகன், மகன் பட்ட கடனுக்குப் பேரன்! குடியிருக்கும் மனைக்கட்டும் பண்ணையாருடையது; ஆகவே வாய் திறக்க வழியில்லை. அளந்து வாங்க ஒரு மரக்கால், அளந்து கொடுக்க ஒரு மரக்கால் என்ற குறை எத்தனை தலைமுறைக் குறை! தவறினால் சவுக்கடி, சாணிப்பால். 1943-இல் தஞ்சைக்கு வந்து செங்கொடிச் சங்கத்தைக் கட்டிய பி. சீனிவாசராவ் போன்றோரின் உழைப்பால்தான் அந்தக் கொடுமைகள் ஒடுங்கின.

1952 ஆகஸ்டிலே, இராசகோபாலாச்சாரியார் முதலமைச்சராக இருந்தபோது, தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. அவ்வாண்டே முறையான சட்டமாயிற்று. பண்ணையாளை விருப்பம்போல விரட்டக்கூடாது, அவனுக்கு இவ்வளவு ஊதியம் தரவேண்டும் என்றது சட்டம். நிலக்கிழார் பலர் என்ன செய்தனர்? பண்ணையாள் இருந்தால்தானே பாதுகாப்பு? பண்ணையாளே வேண்டாம், அன்றன்றைக்கு ஆள் பிடித்துக்கொள்வோம் என்றனர்! பண்ணையாள், நாட்கூலியாளானான். காலின் கட்டு கழன்றது. கூடவே கஞ்சிக்கிருந்த உறுதியும் கழன்றது. வேலையுள்ள நாளில் கூலி. இல்லாத நாளில் பட்டினி.

1960-இலே தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் தஞ்சையிலே தொடங்கியது. அப்பத்தாண்டின் நடுவிலே ஆடுதுறை 27 என்ற குறுகிய காலக் குறுவை நெல் வந்தது. விளைச்சல் பெருகியது, விலையும் ஏறியது. அப்போது உழவுத் தொழிலாளி கேட்டது என்ன? நிலத்தில் பங்கு கேட்டானா? அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டான்! வெளியூர் ஆட்களைக் கொண்டு அறுவடை செய்யாதீர் என்றான். நெல் உற்பத்தியாளர் சங்கம் என்ற பெயரிலே நிலக்கிழார் அணிதிரண்டனர். நெல்லை உற்பத்தி செய்தவர் யாரென்பதை அந்தப் பெயரே மறைத்துவிட்டது பாருங்கள்! 1968 டிசம்பர் 25 இரவு, நாகைக்கு அருகே கீழ்வெண்மணியிலே, ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் எரிந்து கரியாயினர். பெண்டிர், பிள்ளைகள், முதியோர். ஏறத்தாழ அனைவரும் தாழ்த்தப்பட்டோரென்று ஒதுக்கப்பட்ட உழவுத் தொழிலாளர் குடும்பத்தினர்.

கீழ் நீதிமன்றம் 1970-இலே நிலக்கிழார் சிலருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. மேல்முறையீட்டிலே உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அதற்கு அது சொன்ன காரணங்களிலே ஒன்று: பரந்த நிலமுடைய செல்வந்தர்கள், ஒருவர் காரும் உடையவர், தங்கள் பணியாளர் துணையின்றித் தாமே நடந்துசென்று தீ வைத்திருப்பர் என்று நம்புவது கடினம் என்பது! தீ வைப்பதும் கூலியாளின் வேலை. தீயிலே வேவதும் கூலியாளின் வேலை!

அரசு கணபதியா பிள்ளை ஆணையத்தை அமைத்தது. 1969-இலே, தஞ்சை மாவட்டத்தைக் கருதி, வேளாண் தொழிலாளர் நியாய ஊதியச் சட்டம் வந்தது. கூலி என்பது ஆண்டை இரங்கி அளப்பதன்று, சட்டம் அளப்பது என்ற நிலை அதனால் உருவாயிற்று. அதற்கு அந்த 44 உயிர்கள் தேவைப்பட்டன.

ஒரே களத்து நெல்லிலிருந்து பிறந்த சொற்களுக்குள்ளேயும் நாம் சாதி வகுத்துவிட்டோம். அலுவலர் பெறுவது ஊதியம். பள்ளி ஆசிரியராகிய நாம் பெறுவது சம்பளம். நம் வகுப்பிலே அமர்ந்திருக்கும் பிள்ளையின் தாய், முழங்கால் அளவு சேற்றிலே நின்று நாற்று நட்டுப் பெறுவது கூலி. சம்பளம் என்ற சொல்லையும் சம்பா நெல்லோடும் உப்பளத்தோடும் இணைத்துக் காட்டுவாருண்டு. அப்படியானால் நாமும் நெல்லுக்கு உழைத்தவர் வழியினரே!

பள்ளியிலே பிள்ளைகளைச் சேர்க்கும் படிவம் ஒன்றுண்டு. 'பெற்றோர் தொழில்' என்று அதிலே ஒரு கட்டம். டெல்டாச் சிற்றூர்களிலே அந்தக் கட்டத்தை நிரப்பும் சொல் பெரும்பாலும் ஒன்றுதான்: 'கூலி'. நேட்டாலுக்கும் பினாங்குக்கும் போன சொல், அங்கே ஏற்றுக்கொண்ட பொருளோடு நம் பள்ளிக்கூட மேசைக்கே திரும்பிவந்திருக்கிறது. 'ஆண்டு வருவாய்' என்ற கட்டத்திலே எழுதவேண்டியதைத் தொழில் கட்டத்திலே எழுதுகிறோம்; எழுதுபவர் பெரும்பாலும் நாமே, ஆசிரியர்தான். இந்த ஆண்டு நாம் பேனாவை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைக் கேட்டோம்: "அப்பா என்னப்பா செய்வார்?" நாற்றுப் பறிப்பார் என்றான் ஒருவன். அண்டை வெட்டுவார், வரப்புப் போடுவார் என்றான் மற்றொருவன். அறுவடை எந்திரம் வந்தபின் கதிர் அறுக்கப் போவதில்லை, இப்போது திருப்பூருக்குப் போயிருக்கிறார் என்றாள் ஒரு சிறுமி. அம்மாதான் நடவுக்குப் போகிறாள். 'வேளாண் தொழிலாளர்' என்று கட்டத்திலே எழுதினோம். கட்டம் சிறிது, எழுத்தைச் சுருக்கி எழுதவேண்டியிருந்தது.